தங்கத்தூள் தாளில் ஒரு சுழி

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் பக்கத்து நூலகத்தில் ஒரு யப்பானிய அன்ரி சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தூரிகை எழுத்துப் பழக்கினார். பல நூறு வருடங்களுக்கு முன் யப்பானிய அரசவையில் இருந்த ஒருவர் தன் கையால் எழுதிய கவிதையின் படத்தைக் கொடுத்து, அதை அப்படியே பார்த்தெழுதச் சொல்லியிருந்தார். நன்றாக வந்தவற்றை நூலகச் சுவரில் தொங்கவிடுவார்கள். தன்னுடையதும் அந்தச் சுவரில் ஏறவேண்டும் என்று மகள் கிழமைக்கணக்காகப் பழகினாள்.

எனக்கு அந்த எழுத்து ஒன்றும் விளங்காது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருப்பேன். வரிகள் மேலிருந்து கீழே இறங்கும். ஒன்று உயரத்தில் தொடங்கும், அடுத்தது பாதியில். மை கன்னங்கரேலென்று தொடங்கி, காய்ந்து நூலாக மெலிந்து, திரும்பவும் கறுக்கும். வருவதாகச் சொன்ன ஒருவருக்காகக் காத்திருந்து எழுதிய கவிதையாம்.

கொடுக்கவேண்டிய நாள். ஐந்து மணிக்கு நூலகம் பூட்டிவிடும். மகள் சாப்பாட்டு மேசையில் தங்கத்தூள் தூவிய தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அன்ரி ஆளுக்கு ஒரு தாள்தான் கொடுத்திருந்தார். நான் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன்.

"அப்பா, நடக்காதேங்கோ. மேசை ஆடுது."

"நான் நடந்தா மேசை ஏன் ஆடுது?"

"நீங்க நடந்தா வீடே ஆடும்," என்றார் மனைவி குசினிக்குள் இருந்து.

எழுதி முடித்துப் படத்தோடு ஒப்பிட்டவள் "ஐயோ" என்றாள். தாளின் உச்சியில், வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பிள்ளையார் சுழி.

"உந்தச் சுழியை ஆர் போடச் சொன்னது?" என்றேன்.

"நீங்கதான்! தமிழ் ஹோம்வேர்க் பாக்கேக்க, சுழி எங்க, சுழி எங்க எண்டு கேக்கிறது ஆர்? கை தானாப் போட்டிட்டுது."

மனைவி எட்டிப் பார்த்தார். "பரவாயில்லை, யப்பானுக்கும் பிள்ளையார் காவல்."

மகள் சிரிக்கவில்லை.

"மேல் துண்டைப் பிளேட்டால வெட்டிவிடுவம்," என்றேன்.

"நோ, அப்பா! அந்த இடம் வெறுமையா இருக்கோணும். வெட்டினா எழுத்தெல்லாம் சீலிங்கில தலை இடிக்கும்."

தாளை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினோம். வழியில் எல்லாச் சந்தியிலும் சிவப்பு விளக்கு.

அன்ரி சுழியைத் தொட்டு, என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எழுதத் தொடங்க முதல் நாங்கள் போடுவது, குழப்பம் வராமல் இருக்க என்றாள் மகள். அன்ரி வாயைப் பொத்திச் சிரித்தார். வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் கவிதை எழுதியவர் இதைப் போடவில்லையே என்றார். பிறகு சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டினார். பூட்டுவதற்குக் கால் மணித்தியாலம் இருந்தது.

மகள் தூரிகையை நனைத்தாள். எனக்கு எழும்பி நடக்கக் கால் துடித்தது. மேசை ஆடிவிடும் என்று கதிரையை இறுக்கிப் பிடித்தேன். தூரிகை தாளின் உச்சிக்கு மேல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அது கீழே இறங்கி, முதல் வரி தொடங்கும் இடத்தைத் தொட்டது.

அவள் போடாமல் விட்டதை நான் மேசைக்குக் கீழே, என் தொடையில், விரலால் போட்டேன்.

அந்த வெள்ளைத் தாள் சுவரில் ஏறியது. தங்கத்தூள் தாள் எங்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் சுழியை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறார்கள்.