பல்லில் விழுந்த கோடுகள்

சிமெண்ட் ஆலைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் பெரிய பல்சக்கரங்கள் செய்யும் தொழிற்சாலையில் அம்மா பரிசோதகராக இருந்தாள். ஒரு சக்கரத்துக்குள் ஒரு குடும்பமே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரிது. பல் வெட்டும் மெஷினில் அப்பா. அப்போது அவர்கள் கணவன் மனைவி இல்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இரண்டு பேர்.

அளவெல்லாம் சரியாக இருந்தாலும் அம்மா விடமாட்டாள். பல்லின் முகத்தை நகத்தால் வருடுவாள். நகம் இடறினால் சொரசொரப்பை அளக்கும் கருவியை வைப்பாள். வரம்பைத் தாண்டினால் சக்கரம் மறுபடி மெஷினுக்கு. அப்பா அவளுக்குப் 'பிறாண்டி' என்று பெயர் வைத்தார். தொழிற்சாலை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

ஒருமுறை சிமெண்ட் ஆலைக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். மழுங்கின கட்டரை மாற்றாமல் அப்பா வேகமாக ஓட்டி முடித்துவிட்டார். பல்லெல்லாம் வரிவரியாகக் கோடு.

"ஓட ஓட தானா தேஞ்சு வழவழன்னு ஆயிடும். இது என்ன முகம் பாக்குற கண்ணாடியா?" என்றார் அப்பா.

"தேயுறது எங்க போகும்? எண்ணெயிலதான கலக்கும். அந்தத் தூளே மிச்சப் பல்லையும் அரிச்சுடும்."

சூப்பர்வைசர் அப்பா பக்கம் சாய்ந்தார். சக்கரம் லாரி ஏறியது.

வருஷம் திரும்புவதற்குள் ஆலையிலிருந்து புகார் வந்தது. சூப்பர்வைசர் இருவரையும் சேர்த்தே அனுப்பினார். பஸ்ஸில் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். ஆலையில் சக்கரத்தின் மூடியைக் கழற்றியதும் கறுத்த எண்ணெயில் இரும்புத் தூள் மினுமினுத்தது. பல்முகங்களில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். குனிந்த அப்பா வெகுநேரம் நிமிரவில்லை.

"நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாராம். வரவில்லை. அம்மா துணியால் பல்லைத் துடைத்துக்கொண்டே, "பல்லுல ஒரு பக்கம்தான் கெட்டிருக்கு. சக்கரத்தத் திருப்பி மாட்டினா மறுபக்கம் வேலை செய்யும். அதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்துக் கோட்ட எல்லாம் கல்லால தேச்சு எடுத்துடலாம்" என்றாள்.

ஆலை விடுதியில் தனித்தனி அறையில் தங்கி, பகலெல்லாம் எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்தார்கள். கை வலித்தபோது பேச்சு வந்தது. பேச்சு வந்தபின் கை வலி தெரியவில்லை என்பார் அப்பா. சக்கரம் நன்றாக ஓடியது. திரும்பும்போது பஸ்ஸில் ஒரே சீட்.

"உங்க வீட்டுல வந்து கேக்கட்டுமா?"

"கேளுங்க. ஆனா இதையாவது அவசரப்படாம செய்யுங்க."

கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா அவருடைய சக்கரங்களைத் திருப்பி அனுப்பினாள். அந்த நாட்களில் வீட்டில் சத்தமே இருக்காது. டீ போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. சாயங்காலம் நான் டீ கொடுத்தால் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வாள்: "நல்லாத்தான் இருக்கு. அவரு போட்டா சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கும்."