கூரைக்குப் போகாத தண்ணீர்

சங்ககிரி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, சட்டையில் செத்த கோழியின் வாடை. குழி வெட்டி எல்லாவற்றையும் நான் புதைத்து முடிக்கும்வரை பண்ணைக்காரர் பக்கத்திலேயே நின்றார். கடைசி மண்ணைத் தள்ளியதும், "இனி இந்தப் பக்கம் தலை காட்டாத" என்றார்.

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை அது. கோடை மதியத்தில் மோட்டாரைப் போட்டுக் கொட்டகைக் கூரைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழிகள் வெக்கையில் செத்துப்போகும். அது என் வேலை. முந்தின நாளும் போட்டேன். போட்டுவிட்டுத் தீவனம் அரைக்கப் போனேன். அரவை மெஷின் ஓடினால் வேறெதுவும் காதில் விழாது. திரும்பி வந்தபோது கூண்டுகளில் கோழிகள் அலகைப் பிளந்து கிடந்தன. கூரை காய்ந்திருந்தது.

"தூங்கிட்டயாடா?" என்றார் பண்ணைக்காரர்.

"மோட்டாரு போட்டனுங்க."

"அப்பத் தண்ணி எங்கடா? ஆவியாப் போச்சா?"

அவருடைய மாமனார் துப்புத் துலக்க இறங்கினார். லாரி ஓட்டி ஓய்ந்த கிழவர், மகள் வீட்டோடு இருந்தார். முட்டை குடித்த கீரியின் வளையைத் தோட்டமெல்லாம் அலைந்து கண்டுபிடித்தவர். மருமகன் அவரைப் 'போலீஸ் மாமா' என்பார்.

பண்ணைக்காரர் கொட்டகைக்குள் போனதும் கிழவர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து என்னிடம் சொன்னார். "சூடா இருக்குது சாமி. ஓடியிருக்குது."

கைத்தடியை ஊன்றிக் குழாய் போன வழியே நடந்தார். என் பிழைப்பு அவர் கையில் இருந்ததால் நானும் பின்னால் போனேன். வீட்டுக்குப் பின்புறம் தரை சேறாகக் கிடந்தது. ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு நாள் குறித்துச் சாட்டியிருந்தார்கள். சாட்டிவிட்டால் வீட்டை மூலைமுடுக்கு விடாமல் கழுவி, நிலைப்படிக்கு மஞ்சள் பூசியாக வேண்டும். கூரைக்குப் போகும் தண்ணீரை வீட்டுக்குத் திருப்புகிற வால்வு அங்கேதான் இருந்தது. அதன் கைப்பிடியில் மஞ்சள் விரல்தடம். அந்த வீட்டில் பெண் என்று இருந்தது அவர் மகள் ஒருத்திதான். திருப்பியவள் மறுபடி மாற்ற மறந்திருக்கிறாள்.

கிழவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு தோள்துண்டால் துடைத்து, வால்வைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்னுங்க போலீஸ் மாமா, கண்டுபுடிச்சீங்களா?" என்று பண்ணைக்காரர் வந்தார்.

"ஒண்ணும் தெரியலீங்க மாப்ள. ஆளு மறந்திருப்பானாட்ட இருக்குது."

சொல்லிவிட வாய்வரை வந்தது. காட்டுவதற்குத்தான் எதுவும் மிச்சமில்லை.

ரோட்டில் பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. கிழவர். "ஏறு சாமி, சங்ககிரில உடறேன்."

நான் ஏறவில்லை. "நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தனுங்க."

அவர் வண்டியை அணைத்தார். "போன பண்டிகைக்கு எம்புள்ள கையில மாவுக்கட்டு. பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாளாம். அது எப்படின்னும் நாந்தான் கண்டுபுடிச்சேன். உன்னய அவன் தொரத்துவான், நீ போயிருவ. அவ எங்க போவா?"

"நான் திரும்பிப் போயிச் சொன்னா?"

"சொன்னா நாயந்தான். நான் மறிக்க முடியாது."

பையைத் தோள் மாற்றிக்கொண்டு சங்ககிரிப் பக்கமே நடந்தேன். மொபெட் கிளம்பும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

மறுநாள் காலை சங்ககிரியில் லாரி கழுவும் இடத்தில் ஆள் தேவை என்றார்கள். முன்னால் எங்கே இருந்தாய் என்று முதலாளி கேட்டார். அந்தப் பக்கத்தில் யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது; எதைச் சொன்னாலும் பண்ணைக்காரர் காதுக்குப் போய்விடலாம்.

"கோழிப்பண்ணைல இருந்தனுங்க. மோட்டாரு போட மறந்துட்டேன். கோழியெல்லாம் செத்துப்போச்சு."

ஏற இறங்கப் பார்த்தார். "லாரி சாவாது. புடி" என்று ஓஸ் பைப்பை நீட்டினார்.