சிவப்பு பெயின்ட் அடித்த குலை

என் வீட்டுக்காரரின் மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தென்னந்தோப்பில் வேர் வாடல் நோய் புகுந்து மூன்று வருடமாகியிருந்தது. மட்டைகள் மஞ்சளடித்துத் தொங்கின, காய்கள் சிறுத்துப்போயின. நட்டநடுவே ஒரே ஒரு நெட்டை மரம் மட்டும் பச்சையாக நின்றது. அதன் மேல்தான் நான் உயிரையே வைத்திருந்தேன்.

அதோடு நோய் தாங்கும் குட்டை ரகத்தைச் சேர்த்தால் பிழைக்கிற கன்று கிடைக்கலாம் என்றார்கள் ஆராய்ச்சிப் பண்ணையில். கிடைக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. மரமேறுகிறவரைக் கெஞ்சி, பாளை வெடித்ததும் ஆண் பூக்களை உருவி, துணிப்பை கட்டி, குட்டை மரத்து மகரந்தத்தைத் தூவ வைத்தேன். ஏழு காய் நின்றது. ஏழிலும் அடையாளத்துக்குச் சிவப்பு பெயின்ட். விதைக்கு முற்ற ஒரு வருடம் ஆகும், அதுவரை அந்தக் குலையைத் தொடாதீர்கள் என்று வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

ஏழாம் மாதம், சரவணம்பட்டியிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் காந்திபுரத்தில் பூ வாங்கிக்கொண்டு பஸ்ஸில் இடிபட்டு வந்து சேர்வதற்குள் அவர்கள் உட்கார்ந்தாயிற்று. என் கையிலும் ஒரு டம்ளர் இளநீர் வந்தது. ஒரே மூச்சில் குடித்தேன். "நல்லா தித்திப்பா இருக்குதுங்க" என்று வேறு சொன்னேன்.

டம்ளரை வைக்கப் பின்பக்கம் போனால், சீவிப்போட்ட ஏழு காய். ஏழிலும் சிவப்பு.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வந்தவங்களுக்கு நோய்மரத்துக் காயையா அம்மணி வெட்டிக் குடுக்கறது? மரியாதையா இருக்குமா?"

அந்த மரியாதையில் கொள்ளி வைக்க! விருந்தாளிகள் இருக்கும்போது வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"ஏனுங்க, தோப்புல மரமெல்லாம் இப்படித்தானுங்களா?" என்று இளநீர் டம்ளரைக் காட்டிக் கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

"எல்லாமே இப்படித்தானுங்க" என்றார் இவர், வாய் கூசாமல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உபசாரமாவது ஒன்றாவது. தோப்பு செத்துக்கொண்டிருப்பதை மறைக்கத்தான் என் ஏழு காயும் போயிருக்கிறது.

"இல்லைங்க" என்றேன். "நல்ல மரம் அது ஒண்ணுதானுங்க. மத்ததெல்லாம் வாடல். தோப்பை மறுபடியும் வெக்கறதுக்குன்னு ஏழே ஏழு விதைக்காய் வெச்சிருந்தேனுங்க. இப்ப நாம குடிச்சுப்போட்டது அதைத்தானுங்க."

மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த டம்ளரில் இன்னும் பாதி இருந்தது. குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.