கல்லா, இரும்பா?

போன வாரம் ஒரு பெண், தன் கணவனுக்கு வலிக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன். கோபத்தில் அல்ல... பிரியத்தில்!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஏகாம்பரம் இருக்கிறார். கல்தச்சர். கோயில் திருப்பணியில் தூண் வேலை பார்க்கிறார். அவர் மனைவி சரோஜா, அக்கம்பக்கத்துத் தறிகளுக்குக் குச்சியில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிறவள். என்னை வாய் நிறைய ‘அண்ணா’ என்பாள்.

வேலை செய்துகொண்டிருக்கும்போது ஏகாம்பரத்தின் வலது கண்ணில் ஏதோ விழுந்தது. தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மறுபடி உளியை எடுத்துவிட்டார். மறுநாள் கண் சிவந்தது. அவ்வளவுதான், தெருவே டாக்டராகிவிட்டது! ஒருவர் முறுக்காத பட்டு இழையை மடித்து இமைக்குள் விட்டு எடுத்துப் பார்த்தார். ஒருவர் நந்தியாவட்டைப் பூ கொண்டுவந்தார். இன்னொருவர், தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உள்ளூர் டாக்டர், ‘கல் தூசு’ என்று கேட்டதும் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

“புகை மூட்டமாத் தெரியுதுண்ணா” என்று ஏகாம்பரம் சொன்ன அன்றுதான் நான் கத்தினேன். இருவரையும் பஸ்ஸில் ஏற்றி, மெட்ராஸில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உள்ளே போனது கல்லா, இரும்பா?”

“கல்லுதாம்மா” என்றார் ஏகாம்பரம்.

“பார்த்தீங்களா?”

“கல்லு வேலை செய்யறவன் கண்ணுல கல்லுதானேம்மா வுழும்?”

“உளியிலேருந்து தெறிச்சிருக்கலாமே?”

ஏகாம்பரத்தின் முகம் இறுகிவிட்டது. “என் உளி தெறிக்காதும்மா.”

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்தச்சர்கள் தங்கள் உளியைத் தாங்களே நெருப்பில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்துப் பதம் வைப்பார்கள். பதம் குறைந்தால் முனை மழுங்கும், மிஞ்சினால் தெறிக்கும். உளி தெறித்தது என்றால் வேலை தெரியாதவன் என்று அர்த்தம். ஏகாம்பரத்தின் உளியை, கூட வேலை செய்கிறவர்கள் இரவல் கேட்பார்கள். அந்த மனிதரிடம் போய் இப்படிக் கேட்டால்?

டாக்டரம்மா சரோஜா பக்கம் திரும்பினார். “எக்ஸ்ரேயில ஒரு புள்ளி தெரியுதும்மா. என்னன்னு அடிச்சுச் சொல்ல முடியலை. கல்லுன்னா உள்ளே போய்த் தேடணும். கண்ணு மிஞ்சும்னு என்னால சொல்ல முடியாது. இரும்புன்னா தேடவே வேணாம்... காந்தம் வச்சு இழுத்துடலாம்.”

“காந்தம்னா... லாடம் மாதிரி இருக்குமே, அதாம்மா?”

“இது கரண்ட்டுல வேலை செய்யற காந்தம். வந்து பாருங்க.”

அறை வாசலில் நர்ஸ் என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். சரோஜாவின் தாலிக் கயிற்றில் தொங்கிய ஊக்கையும் எடுக்கச் சொன்னாள். சரோஜா கயிற்றைப் பொத்திக்கொண்டாள். “தாலிக்கு ஒண்ணும் ஆவாதே?”

“தங்கத்தைக் காந்தம் சீண்டாதும்மா. ஊக்கு மட்டும் குடுங்க.”

உள்ளே மேஜைமேல் ஒரு கனத்த யந்திரம். நடுவில் இரும்புத் தண்டு, அதைச் சுற்றிச் சுற்றிச் செம்புக் கம்பி. “பெரிய தாரு மாதிரி இருக்குதுண்ணா” என்று என் காதில் சொன்னாள் சரோஜா. டாக்டரம்மா ஊக்கைத் தட்டில் வைத்து, தண்டின் கூர்முனைக்கு அருகில் பிடித்தார். ஒன்றுமில்லை. காலால் ஒரு கட்டையை அழுத்தினார். டக்! ஊக்கு தாவிப் போய் ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தார். விழுந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நானும் இதைப் படித்திருக்கிறேன். மின்சாரம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகும். ஒரு சுற்றுக்குக் கொஞ்சம். சுற்றுகள் சேரச் சேர வலு ஏறும். நடுவில் இரும்பை வைத்தால் பல மடங்கு. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போச்சு. மார்க்குக்காக உருப்போட்டேன், பரீட்சை முடிந்ததும் மறந்தேன். மின்சாரம் என்றால் நமக்கு என்ன? பல்பு எரியும், தொட்டால் ஷாக் அடிக்கும், சமயத்தில் நின்றுபோகும். கம்பிக்கு வெளியே, வெறும் காற்றில், கண்ணுக்குத் தெரியாமல் அது ஒரு பிடி வைத்திருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. நடுவில் தோல் இருந்தால் என்ன, கண்மணி இருந்தால் என்ன? இரும்பு இருந்தால் போதும், எட்டிப் பிடிக்கும்.

ஏகாம்பரத்தை உட்காரவைத்து, முகத்தைத் தண்டின் முனைக்கு எதிரே நிறுத்தினார்கள்.

“கட்டையை அழுத்துவேன். உள்ளே இருக்கறது இரும்புன்னா அசையும், வலிக்கும். வலிச்சா உடனே சொல்லிடணும். வலிச்சா நல்லது. ஒண்ணுமே தெரியலைன்னா...” டாக்டரம்மா முடிக்கவில்லை.

சரோஜா கை கூப்பினாள். உதடு மட்டும் அசைந்தது. “கண்ணு போனவருக்கே கண்ணு குடுத்த சாமி நம்ம ஊரு சாமி... ஏகாம்பரநாதா, இவருக்கு வலிக்கணும்...”

புருஷனுக்கு வலி வரட்டும் என்று கேட்கும் நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது.

கட்டை அழுந்தியது.

“வலிக்குதா?”

“இல்லம்மா.”

முனையை இன்னும் அருகே கொண்டுவந்தார். “இப்போ?”

“...இல்லம்மா.”

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். கல்தான். கண் போயிற்று.

சரோஜா மட்டும் ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் வேட்டியைக் கசக்கிப் பிடித்திருந்தன, நரம்பு புடைக்க.

“பொய் சொல்றாரும்மா!” என்று வீறிட்டாள். “யோவ், வலிக்குதுன்னு சொல்லுய்யா! உளி தெறிச்சா தெறிச்சிட்டுப் போவுது... வேற உளி அடிச்சுக்கலாம். கண்ண அடிச்சுக்க முடியுமா? சொல்லுய்யா!”

ஏகாம்பரத்தின் நல்ல கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது.

“வலிக்குதும்மா” என்றார், மெல்ல. “மொதல்லேருந்தே வலிக்குது.”

அப்புறம் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, கண்ணை மரத்துப்போகவைத்து, அதே காந்தத்தால் இழுத்து எடுத்தார்கள். கடுகில் பாதி இருக்கும், ஒரு கறுப்புத் துணுக்கு. பார்வை படிப்படியாகத் தெளியும் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். பஞ்சின் மேல் இருந்த துணுக்கை ஏகாம்பரம் நல்ல கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார்.

“பதம் மிஞ்சிப்போச்சு. என்னுதுதான்.”

காந்தம் இரும்பைத்தான் இழுக்கும்... உண்மையை இழுக்க ஒரு சரோஜா வேண்டியிருக்கிறது.