‘நில்’ என்ற சொல்லை நீக்கிய நாள்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பெட்டி கேட்டைத் தாண்டுமுன் அதன்மேல் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுங்கம், எடை, சேதம், பூச்சி கொல்லும் புகைமருந்து என்று நாலே தடைகள். அவற்றை நிரலில் முன்கூட்டியே வரிசையாக அறிவித்துவிட்டேன். வேறெதுவும் உள்ளே நுழைய முடியாது.

கேட்டில் தடைகளைத் தட்டச்சு செய்தவர் வியாசர்பாடி அக்கா ஒருவர். தற்காலிக வேலை. காகிதம் வந்த வரிசையில் எடை, சுங்கம், மறுபடியும் எடை என்று அடித்துக்கொண்டே போவார். அந்தக் கந்தரகோளப் பட்டியலை ஒரே வரி நிரலில் தொகுப்பாக மாற்றினேன். இரண்டு முறை வந்தது ஒன்றானது. சுங்கம் முதலில், எடை அடுத்து என்று நான் அறிவித்த வரிசைக்கு எல்லாம் தானாக வந்து நின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். ஒரு தடைக்கு ஒரு பிட். இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான். மொத்தத் தொகுப்பும் ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே நாற்பதடிப் பெட்டிகள் நாலடுக்காக நிற்கின்றன, அவை போகலாமா கூடாதா என்பது இந்தப் பொடி எண்ணில் இருக்கிறது. இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்தும் அன்று வாயைப் பிளந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

தடையே இல்லாத பெட்டிக்கு அக்கா ‘நில்’ என்று போடுவார். ஒன்றுமில்லை என்பதற்கான ஆங்கிலச் சொல். காகிதக் காலத்துப் பழக்கம். அவருக்காக அதையும் ஐந்தாவது தடையாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் கேட் திரை தமிழில் காட்டும். ‘தடை: நில்’ என்று படித்த ஒரு புது டிரைவர், சொன்னபடியே நின்றுவிட்டார். பின்னால் வந்த டிரெய்லர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தன.

எனக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். ‘நில்’ ஒரு தடையே இல்லையே என்று அதை நீக்கினேன். போனில் அக்காவிடம், “இனிமே நில் போடாதீங்க. தடை இல்லைன்னா கட்டத்தைக் காலியா விட்டுடுங்க” என்றேன். தடை உள்ள பெட்டிகளை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு, பெருமையாகத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலை, தடையில்லாத முதல் பெட்டியிலேயே நிரல் பிழை காட்டி நின்றுபோனது. குற்றம் குறை எதுவும் இல்லாத பெட்டிகள் எல்லாம் கேட்டில் மாட்டிக்கொண்டன. விம்கோ நகர் வீட்டிலிருந்து பைக்கில் ஓடினால், எண்ணூர் சாலை வரை டிரெய்லர்கள். மேனேஜர் அக்காவின் தலைமேல் நின்றுகொண்டிருந்தார்.

“கட்டத்த காலியா வுட்டது யாரு? நீதான? பைய எட்துகினு வூட்டுக்குப் போ. நாளைக்கு வர வாணாம்.”

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.

நான் கணினி முன் உட்கார்ந்தேன். பட்டியல் காலி என்று ஒரே வரிப் பிழை. அப்போதுதான் புரிந்தது. பட்டியலில் இருக்கும் முதல் பொருளைப் பார்த்துத்தான், எந்த இனத்தின், அதாவது எந்த வகைப் பொருள்களின், தொகுப்பைக் கட்ட வேண்டும் என்று பட்டியலைத் தொகுப்பாக மாற்றும் என் வரி தெரிந்துகொள்கிறது. காலிப் பட்டியலைக் கொடுத்தால், எதெல்லாம் இல்லை என்று அதற்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்பதற்குக்கூட ஓர் இனம் தேவைப்படுகிறது! அந்த நெருக்கடியிலும் உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் என் நிரலைத் தாங்கிப் பிடித்தது அக்கா போட்ட அந்தச் சொல்தான்.

போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்காவின் வேலை போயிருக்கும். மறைப்பானேன், ஒரு கணம் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

“என் தப்பு சார். நான்தான் காலியா விடச் சொன்னேன்.”

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தம்மா இருக்கட்டும். நீ மொதல்ல கேட்ட தொற” என்று போய்விட்டார்.

பட்டியல் காலியென்றால், இது தடைகளின் தொகுப்பு, இப்போதைக்கு இதில் எதுவும் இல்லை என்று இனத்தை நாமே சொல்லிவிட வேண்டும். இரண்டே வரி. டிரெய்லர்கள் நகர ஆரம்பித்தன.

“நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு அவர்கிட்ட ஏன்க்கா சொல்லல?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“நீ படிச்ச புள்ள, கரீட்டாதான் சொல்லியிருப்பன்னு நென்ச்சேன் தம்பி” என்றார். “நாந்தான் எங்கியோ தப்பா அமுக்கிட்டேன் போலன்னு, நீ வர்றதுக்குள்ளயே பைய எட்து வச்சிகினேன்.”