கல்லலில் ரயில் நின்றபோது ஒரு தத்துப்பூச்சி

எதிர்வண்டிக்காகக் கல்லல் ஸ்டேஷனில் எங்கள் ரயில் நிற்கிறது. தண்டவாளத்தின் மேல் கானல் நெளிகிறது. பெட்டியில் பாதிப்பேர் தூங்குகிறார்கள். நான் பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். ஆல்கஹாலில் அரிசி அளவுத் தத்துப்பூச்சி ஒன்று மிதக்கிறது. மழைக்காட்டில் நான் பிடித்தது. இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம். விவரமெல்லாம் எழுதிவிட்டேன். நிறம் மட்டும் பாக்கி. குப்பிக்குள் அது வெளிறி வைக்கோல் நிறமாகிவிட்டது. நினைவை நம்பி எழுதத் தயக்கமாக இருக்கிறது.

எதிர் இருக்கையில், மடியில் விதைநெல் பையோடு இருக்கும் பெண்மணி எட்டிப் பார்க்கிறார்.

"எங்க வயல்ல பயிரைக் கெடுக்குமே, அந்தத் தத்துப்பூச்சியா? இதையா பத்திரமாக் கொண்டு போறீக?"

"இது காட்டுல இருக்கிறதும்மா. புது இனம். இனிமேதான் பேர் வைக்கணும்."

"பேரு வைக்கிறதுக்காகவா கொன்னீக?"

"ஆமா."

அவர் குப்பியை வாங்கி வெகுநேரம் பார்க்கிறார். "உசுரோட இருந்தப்ப எப்படி இருந்துச்சு?"

கண்ணை மூடுகிறேன். ஈர இலையின் அடியில் அது மெல்லத் திரும்புகிறது.

"பச்சை. வெளிச்சம் பட்டா நீலம். இறக்கை ஓரத்துல மெலிசா ஒரு செவப்புக் கோடு."

"அதை இப்பவே எழுதுங்க. மறந்துருவீக."

எதிர்வண்டி கடந்து போகிறது. எங்கள் ரயில் நகர்கிறது. நோட்டைத் திறந்து எழுதுகிறேன். முடிக்கும்வரை, பெட்டி குலுங்கும்போதெல்லாம், அவர் குப்பியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்கிறார்.