என் ஸ்லைடை நானே பார்த்தேன்

ஓசூரில் ஒரு தனியார் லேபில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவது என் வேலை. அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா என்று எழுதுவது டாக்டரம்மாவின் வேலை. போன வருடம் அப்படி வந்த ஒரு துண்டு என் பெருங்குடலில் எடுத்தது. மூலம் என்று நான் நாலு மாதம் அலட்சியமாக விட்டிருந்தது புற்றாக இருந்தது.

ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலமே தளியிலிருந்து அண்ணன் வந்துவிட்டார்.

"யார் கேட்டாலும் அல்சர்னு சொல்லிக்கலாம்மா. உன் பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கற நேரம்."

"பொய் சொல்லிக் கட்டிக் குடுக்கற மாப்பிள்ள எதுக்குண்ணா?"

"உனக்குப் புரியல."

"பதினாலு வருசமா இதத்தான் சீவிட்டிருக்கேன். எனக்கா புரியாது?"

அவர் காப்பி கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் என் ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"வேணாம்மா. பாத்தா மனசு கெட்டுடும்."

"பாக்காமலே கெட்டுத்தான் இருக்கு மேடம்."

அவர் எழுந்து இடம் விட்டார். நெருக்கியடித்துக் கிடந்த செல்களைப் பார்த்தேன். ஆசை அடங்கவில்லை. அதே துண்டில் இன்னொரு சீவல் எடுத்து, டொலுயிடின் நீலம் என்ற வேறொரு சாயம் போட்டுக் கொண்டுவந்தேன். கட்டியின் ஓரத்தில், உள்ளே ஊதா மணிகள் நிறைந்த செல்கள் திட்டுத்திட்டாக நின்றன.

"மாஸ்ட் செல். அலர்ஜி வந்தா உடம்பு தடிக்குதில்ல, அதுக்கும் இதுதான் காரணம். குடல்ல எப்பவும் காவலுக்கு இருக்கும்," என்றார்.

"கட்டிகிட்ட என்ன பண்ணுது?"

"கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர ஒத்தாச பண்ணுதுன்னு சிலர் சொல்றாங்க. எதிர்த்து நிக்குதுன்னும் சொல்றாங்க. வயிறு, குடல், கணையம்னு எடத்துக்கு எடம் மாறுது."

"எனக்கு எந்தப் பக்கம் மேடம்?"

"தெரியலம்மா. இத வெச்சு உன் வைத்தியத்த மாத்தற அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது."

அந்த ஒரு வாரத்தில் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. கம்பெனிப் புகை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கண்ணேறு என்றாள் சித்தி. நான் ஏதோ பாவம் செய்தேன் என்றுகூட ஒருத்தி ஜாடையாகச் சொன்னாள். படித்த டாக்டரம்மா மட்டும்தான் தெரியவில்லை என்றார். இனி யார் காரணம் சொன்னாலும் தலையாட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. பிறகு கீமோ. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் சுரீரென்றது. லேப் மேனேஜர் என்னை ரிசப்ஷனில் உட்காரச் சொன்னார். "கை மரத்துப் போகுதுன்றீங்க, பிளேடு வேல எப்படிங்க செய்வீங்க?"

"நின்னு பாருங்க சார்," என்றேன். முதல் சீவல் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது முழுசாக வந்தது. அவர் ரிசப்ஷன் பேச்சை அத்தோடு விட்டார்.

கீமோ முடிந்த மாதம் பெண் பார்க்க வந்தார்கள். என் தலைமுடி கொட்டியிருந்ததைப் பார்த்த பையனின் அம்மா, உடம்புக்கு என்ன என்று கேட்டார். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"குடல்ல கேன்சருங்க. ஆபரேஷன் ஆச்சு, மருந்தும் முடிஞ்சுது," என்றேன்.

அவர்கள் மறுபடி வரவில்லை. "அவங்க வராததே நல்லதும்மா," என்றாள் மகள். அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவரே போன் செய்து ஸ்கேன் எப்போது என்று கேட்டார்.

ஸ்கேனில் இதுவரை ஒன்றும் இல்லை. இன்னும் சில வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பார்க்கட்டும். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.